பாட்டு, பயணம், வீடு: வெளியூர் நிகழ்ச்சிக்குப் போகிற கலைஞர்கள் குடும்பத்தையும் சேர்த்து நடத்துவது எப்படி?

நாட்டுப்புறப் பாட்டுக் குழுவில் பாடுகிறவர்கள், பறையோ தவிலோ பம்பையோ வாசிக்கிறவர்கள், சென்னையில் வாடகைக்கு வீடு எடுத்துப் பிள்ளைகளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, சீசன் வந்தால் மாதத்தில் பாதி நாளை வேனிலும் ரயிலிலும் கழிக்கிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது பெரம்பூரில். பாடுகிறேன், பறையும் அடிப்பேன். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, இரண்டு பிள்ளைகள், கூடவே அத்தை இருக்கிறார்கள். புதிதாகக் குழுவுக்கு வரும் பெண்கள் தாளத்தையும் சுருதிக் கட்டையையும் பற்றிக் கேட்பதைவிட அதிகமாகக் கேட்பது "அக்கா, வீட்ட எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்பதைத்தான். ஆண்கள் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனில் வீட்டுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே வருவதைப் பார்த்தால் அவர்களுக்கும் இதே கவலைதான் என்று தெரியும்.

என் பதில் ஒன்றுதான். வீட்டைக் கேட்காமல் தேதி கொடுக்காதீர்கள். சம்பளம் பேசுவது, டிக்கெட் போடுவது, தொண்டையைப் பார்த்துக்கொள்வது எல்லாமே அதற்குப் பிறகுதான்.

தேதி கொடுப்பதற்கு முன்

அடுப்படியில், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில், ஒரு மாதக் காலண்டர் மாட்டுங்கள். போனில் குறித்துவைத்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வருடம் பிறந்ததும் முதலில் வீட்டுத் தேதிகளைச் சிவப்புப் பேனாவில் எழுதிவிடுங்கள்: பிள்ளைகளின் பரீட்சை, வீட்டுக்காரரின் நைட் ஷிப்ட் வாரங்கள், பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரி செக்கப், குலதெய்வம் கோயில் பொங்கல், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து. நிகழ்ச்சிகளை நீலத்தில் எழுதுங்கள். சிவப்பு எழுதிய நாளில் நீலம் வர வேண்டுமானால் வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் வர வேண்டும், நீங்களாக எழுதக் கூடாது. எங்கள் வீட்டில் அத்தைதான் காலண்டரை அதிகம் பார்ப்பவர். "ஏம்மா, உத்திரத்துக்கு நீ இருக்கியா இல்லியா, இப்பவே சொல்லிடு, நான் அதுக்குத் தகுந்த மாதிரி என் தங்கச்சி வீட்டுக்குப் போறதா வேணாமான்னு பாக்கணும்" என்று அவர் தை மாதமே கேட்பார். அது கோபத்தில் கேட்பதல்ல. அவருக்கும் திட்டம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் தொழிலில் உள்ள பெரிய சிக்கல், சீசனும் பரீட்சையும் ஒரே நேரத்தில் வருவது. மாசி, பங்குனி, சித்திரையில்தான் காப்புக் கட்டு, பால்குடம், தீமிதி என்று ஊருக்கு ஊர் திருவிழா. பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் சின்ன வகுப்புகளின் முழு ஆண்டுத் தேர்வும் மார்ச், ஏப்ரலில்தான். இதை மாற்ற நம்மால் முடியாது, ஆனால் எந்த வருடம் எந்தப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்பது பல வருடம் முன்பே தெரிந்த விஷயம். அந்த வருடம் மட்டும் பரீட்சைக்கு நடுவில் தூரத்து ஊர்களை ஒப்புக்கொள்ளாமல், காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு என்று இரவே வீடு திரும்பக்கூடிய ஊர்களாகப் பார்த்து எடுங்கள். சம்பளம் குறையும். அந்தக் குறைவை முந்தின வருடமே கணக்கில் வைத்துச் சேமித்தால் தாங்கும்.

ஆடி மாதம் சென்னைக்காரர்களுக்கு ஒரு வரம். கல்யாணம் இல்லாத மாதம் என்று லைட் மியூசிக்காரர்கள் கவலைப்படுவார்கள், நமக்கோ ஊருக்குள்ளேயே வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் என்று தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள், பம்பையும் உடுக்கையும் பாட்டும் இல்லாமல் அது நடக்காது. இந்த மாதத்தில் வெளியூரைக் குறைத்து உள்ளூரை நிரப்பிக்கொண்டால் காலையில் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு மாலையில் மேடைக்குப் போகலாம். பொங்கலையொட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமம் விழாவும் அப்படித்தான், மேடை நம் ஊரிலேயே இருக்கிறது, வீட்டில் உள்ளவர்களும் வந்து பார்க்கலாம். புரட்டாசியில் தென்பக்கம் குலசேகரப்பட்டினம் தசராவுக்குக் கூப்பிடுவார்கள். கூட்டமும் உற்சாகமும் மறக்க முடியாததாக இருக்கும், ஆனால் அங்கே போனால் சேர்ந்தாற்போல் பல நாள் வீட்டில் இருக்க முடியாது, காலாண்டு விடுமுறை எப்போது என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிற பார்ட்டி போன் செய்து "தேதி ஃப்ரீயா?" என்று கேட்டால், உடனே சரி என்று சொல்லாதீர்கள். "ஒரு மணி நேரத்தில் கூப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள். கைநழுவிப் போய்விடுமோ என்று பயமாக இருக்கும், எனக்கும் அந்தப் பயம் தெரியும். ஆனால் திருவிழா கமிட்டி என்றால் அவர்களே பத்துப் பேரைக் கலந்து பேசித்தான் முடிவெடுப்பார்கள், ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. வீட்டில் கேட்டுச் சொன்ன தேதியை நாம் பிறகு மாற்றுவதும் இல்லை, அது இரண்டு மூன்று நிகழ்ச்சியிலேயே ஏஜென்டுக்குப் புரிந்துவிடும்.

சம்பளம் பேசும்போது

ஒரு நாள் நிகழ்ச்சி என்று ஒன்று கிடையாது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவுக்குப் பாடப் போனால் போகிற நாள், பாடுகிற நாள், வந்து படுத்து எழுகிற நாள் என்று மூன்று நாள் போகும். மூன்று நாளைக்கும் சேர்த்துத்தான் தொகை சொல்ல வேண்டும். அந்த மூன்று நாளும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாரையாவது வைத்தால் அந்தச் செலவும் உங்கள் தொழில் செலவுதான். வேன் டீசலை எழுதுகிறோம், இதையும் எழுதுங்கள்.

தொகையைத் தவிர வேறு சிலவற்றையும் முன்கூட்டியே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: பெண்களுக்குத் தனி அறையும் கழிவறையும் உண்டா, சாப்பாடு மேடைக்கு முன்பா பின்பா, மைக் செட் யாருடையது, நம் பாட்டு நமக்கே கேட்க மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் உண்டா, எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிப்பது. கடைசிக் கேள்வி முக்கியம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, திருவிழா நாட்களுக்காக மாநில அரசு வருடத்தில் அதிகபட்சம் 15 நாள் நள்ளிரவு 12 வரை விலக்குத் தரலாம். கமிட்டிக்காரர்கள் "அதெல்லாம் ஸ்டேஷன்ல பேசிட்டோம்" என்பார்கள், சரி, அனுமதிக் கடிதத்தின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்பதரைக்கு மேடை ஏற்றிவிட்டுப் பத்து மணிக்குப் போலீஸ் வந்து மைக்கை நிறுத்தினால், பேசிய தொகையில் கை வைப்பது நம் தலையில்தான் விடியும்.

அட்வான்ஸ் வாங்காமல் காலண்டரில் நீலம் எழுத வேண்டாம், பென்சிலில் எழுதுங்கள். கல்லூரி, அரசு விழா, கம்பெனி நிகழ்ச்சி என்றால் தொகை ஒரு அளவுக்கு மேல் போகும்போது 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது தொலைந்த பணமில்லை, வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். நம் ஆட்களில் பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், வருடக் கடைசியில் பார்த்தால் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு அளவுக்கு அதில் இருக்கும். பான் கார்டு இல்லாதவர்கள் முதலில் அதை எடுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதியாதவர்கள் பதிந்துவிடுங்கள், பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து என்று அதில் உதவித்தொகைகள் இருக்கின்றன. சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டுப் போடுகிறவர்கள் பாட்டுக்கு ராயல்டி வசூலித்துத் தருகிற ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராவதையும் யோசியுங்கள்.

போவதும் வருவதும்

ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது, 120 நாள் என்பது 2024 நவம்பரோடு போய்விட்டது. அட்வான்ஸ் கைக்கு வந்த அன்றே இரண்டு பக்கமும் போட்டுவிடுங்கள். தட்கல் என்றால் முந்தின நாள் ஏசிக்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோ வரை சாமான் கட்டணமில்லை, பறை, பம்பை, சலங்கை, துணிமணி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

பஸ் என்றால் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து தென்மாவட்ட வண்டிகளுக்குக் கிளாம்பாக்கம்தான். வடசென்னையில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து கிளாம்பாக்கம் போவதே ஒரு பயணம், கையில் கருவியோடு மாலை நெரிசலில் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். அதனால்தான் நான் முடிந்தவரை எழும்பூரிலிருந்து ரயிலையே பார்ப்பேன், ஆட்டோ பிடித்தால் வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடலாம்.

வேனில் போவதானால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிகழ்ச்சி முடிந்த கையோடு, இரவு பன்னிரண்டு மணிக்கு, "பிள்ளைங்க முகத்தைப் பார்க்கணும்" என்று டிரைவரை எழுப்பிக் கிளம்பக் கூடாது. அவரும் பகல் முழுக்க ஓட்டியவர், சவுண்ட் செக் நேரத்தில் வண்டியில் கொசுக்கடியில் கிடந்தவர். அவருக்குத் தூங்க இடம் கொடுக்கச் சொல்லிக் கமிட்டியிடம் முதலிலேயே பேசுங்கள். விடிந்ததும் கிளம்பினால் மதியம் வீடு. அந்த ஆறேழு மணி நேரத் தாமதத்தை வீட்டில் முன்னாடியே சொல்லிவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள், சொல்லாமல் தாமதமாவதுதான் சண்டையைக் கொண்டுவரும்.

கருவியும் தொண்டையும்

பறை அடிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னைக் கடற்காற்றில் தோல் ஈரம் இழுத்துத் தொங்கிவிடும், அடித்தால் தொம் என்று மழுங்கிய சத்தம்தான் வரும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, தீ நேராகத் தோலைத் தொடாத உயரத்தில் பறையைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சக்கரம் மாதிரி மெல்லச் சுற்றிக்கொண்டே இருங்கள். நடுநடுவே விரலால் தட்டிப் பாருங்கள். மழுங்கல் போய், தட்டிய விரலைத் தள்ளிவிடுகிற மாதிரி தோல் விறைக்கும், சத்தம் கணீரென்று மேலே ஏறும், அந்த இடத்தில் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆசைப்பட்டாலும் சட்டத்தின் ஓரத்தில் தோல் பிய்ந்துவிடும். ஏசி அரங்குகளில் தீ மூட்ட விடமாட்டார்கள், அங்கே வெளியே காய்ச்சி உள்ளே கொண்டுபோனாலும் அரைமணியில் இறங்கிவிடும், பிளாஸ்டிக் தோல் போட்ட பறை ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நாதம் தோல் பறைக்கு ஈடாகாது, ஆனால் நிகழ்ச்சி நடக்கும். கண்ணாடி மூடிய வேனில் வெயிலில் பறையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் விலங்குத் தோல் கருவி என்று விமான நிலையத்தில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும், மறைத்தால் பறிமுதல்தான்.

தொண்டை விஷயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சுக்குமல்லிக் காபி, பனங்கற்கண்டு, மிளகு, எல்லாம் இதமாகத்தான் இருக்கும். அதிமதுரத்தை மட்டும் தினமும் மெல்லாதீர்கள், அளவு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். உண்மையில் தொண்டைக்கு மருந்து தண்ணீரும் தூக்கமும்தான். குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசுவது நல்லது என்று நினைக்கிறார்கள், அதுவும் தொண்டையைச் சிரமப்படுத்தும், பேசாமலே இருப்பதுதான் ஓய்வு. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மலாகவே இருந்தால் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள், சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் பிள்ளைகளிடம் கத்துவதும் தொண்டைக்கு மேடை மாதிரிதான், என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிவைத்திருப்பது, நிகழ்ச்சிக்கு மறுநாள் அம்மா கை தட்டினால் வர வேண்டும், கூப்பிட மாட்டேன் என்று.

வெளியூரில் இருக்கும்போது, வந்த பிறகு

தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேசுங்கள். எங்களுக்கு அது மாலை ஆறேகால், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் டிபன் சாப்பிட்டிருப்பார்கள், நமக்கும் மேடைக்கு நேரம் இருக்கும். வீடியோ காலில் மேடையையும் கூட்டத்தையும் காட்டுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கணக்கில் எத்தனை மார்க், யார் யாரைத் தள்ளிவிட்டது, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதா, இதெல்லாம்தான் அவர்களுக்கு அன்றைய சேதி. மேடைச் சேதி பிறகு போகட்டும்.

வீட்டில் இருப்பவருடைய வேலையை வேலையாகப் பாருங்கள். நீங்கள் கைத்தட்டல் வாங்கும் நேரத்தில் இங்கே ஒருவர் பால் காய்ச்சி, யூனிபார்ம் துவைத்து, காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ராத்திரி முழுக்க நெற்றித்துணி மாற்றியிருப்பார். வந்ததும் பணத்தை அவர் கையில் கொடுங்கள், அவரோடு உட்கார்ந்து பிரியுங்கள். வாடகை, பள்ளிக்கூடம், மளிகை, சீட்டு, கருவிக்கு ஒரு பங்கு, புரட்டாசி மார்கழியில் வேலை குறையும் மாதங்களுக்கு ஒரு பங்கு. நல்ல சீசனில் வந்த பணத்தை அந்தச் சீசனுக்கே உரியது என்று செலவழிக்க முடியாது, அது வருடம் முழுக்கச் சோறு போட வேண்டிய பணம். எவ்வளவு வந்தது என்பதை வீட்டில் மறைக்கிற கலைஞர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், குறைத்துச் சொல்கிறவரும் உண்டு, கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்கிறவரும் உண்டு. இரண்டுமே வீட்டை உடைக்கும்.

வந்து இறங்கிய நாளை நாசமாக்குவது தூக்கம்தான். விடிகாலை வீட்டுக்குள் நுழைந்து பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் வந்தும் வராத கணக்குதான். என் பழக்கம், வந்ததும் குளித்துவிட்டு, அவர்களைப் பள்ளிக்கூட வாசல் வரை நானே கொண்டுவிட்டு, அப்புறம் வந்து படுப்பது. மதியம் மூன்றரை வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டார்கள், அத்தையே கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அன்று மாலை யாருக்கும் ஒத்திகை கிடையாது. குழுவில் எல்லோருக்கும் இது சட்டம்.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கிறார்கள். மதுரையில் விஜயலட்சுமி, நவநீதகிருஷ்ணன் தம்பதி கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்தார்கள், சேர்ந்தே ஆராய்ச்சி செய்தார்கள், சேர்ந்தே மேடையில் பாடினார்கள். விஜயலட்சுமி அம்மாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்னொரு குடும்பக் கதை அமெரிக்காவில் நடந்தது. அங்கே கன்ட்ரி இசைக்கு அடித்தளம் போட்டவர்கள் என்று சொல்லப்படுகிற கார்ட்டர் குடும்பம், ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல், 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் என்ற ஊருக்கு மலைப்பாதையில் கார் ஓட்டிப் போய் முதல் ரெக்கார்டிங் செய்தார்கள். மேபெல் அப்போது கர்ப்பிணி, சாரா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். ஏ.பி. பாட்டுச் சேகரிக்க வாரக்கணக்கில் அலைந்துகொண்டே இருந்தார், வீட்டையும் பிள்ளைகளையும் சாராவே தனியாகச் சுமந்தார், 1936-இல் விவாகரத்து ஆனது. அதற்குப் பிறகும் சில வருடம் சேர்ந்து பாடினார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம் தருகிற சேதி, பாட்டு நின்றது, வீடு நிற்கவில்லை. மேபெல் வேறு வழியில் போனார், தன் மூன்று பெண்களையும் கூடவே கூட்டிக்கொண்டு மேடை ஏறினார், அவர்களில் ஒருவர்தான் பின்னாளில் பெரிய பாடகியான ஜூன் கார்ட்டர்.

பிள்ளைகளைக் கூட்டிப்போவது

கூட்டிப்போகலாம், ஆனால் மே மாத விடுமுறையில் மட்டும், ஒரு பயணத்துக்கு ஒரு பிள்ளை. இரண்டையும் கூட்டிப்போனால் நீங்கள் பாடப் போனீர்களா பார்த்துக்கொள்ளப் போனீர்களா என்று தெரியாது. அந்த வெயிலில் மதியப் பயணம் வேண்டாம். மேடைக்குப் பின்னால் அவர்கள் உட்கார ஓர் இடம், பார்த்துக்கொள்ள ஓர் ஆள், காதுக்குச் சத்தம் குறைக்கிற இயர்மஃப், ஸ்பீக்கர் பக்கத்தில் தூங்கவிடக் கூடாது. ஜெனரேட்டர், ஒயர் பக்கம் போகக் கூடாது என்பதை வண்டியை விட்டு இறங்கும்போதே கையைப் பிடித்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

வாசிக்க ஆசைப்பட்டால் சலங்கையிலோ தாளத்திலோ ஆரம்பிக்கட்டும். நம் கலை அழியக் கூடாது என்பதற்காகப் பிள்ளையை மேடையில் தள்ளாதீர்கள், படிக்கிற பிள்ளையைப் படிக்கவிடுங்கள், கேட்டு வளர்ந்த பாட்டு எங்கேயும் போகாது. உண்மையிலேயே கை பேசுகிறது என்று தெரிந்தால் நல்ல ஆசானிடம் சேர்த்துவிடுங்கள், அம்மாவோ அப்பாவோ ஆசானாக இருந்தால் வீட்டில் திட்டுகிற திட்டும் வகுப்பில் திட்டுகிற திட்டும் கலந்துவிடும். பெரிய நிகழ்ச்சியில் முழு நேரமும் வாசித்தால் குழுவில் மற்றவர்களுக்குப் போல அந்தப் பிள்ளை பெயரிலும் ஒரு தொகை எழுதி, அஞ்சலகத்தில் அதன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கிப் போட்டுவிடுங்கள்.